மைக் வால்யூம் தானா குறையுதா? ஸ்லைடரை இழுக்கிற கை யாரோடது?

போன பிளேஸ்மெண்ட் சீசன்ல எங்க ஹாஸ்டல் ரூம்ல நடந்த விஷயம் இது. ரூம்மேட்டுக்கு ஒரு கம்பெனியோட டெக்னிக்கல் ரவுண்ட், ஆன்லைன்ல. முதல் நாள் ராத்திரியே மைக்கை டெஸ்ட் பண்ணி, விண்டோஸ்ல இன்புட் வால்யூமை 100-ல வச்சுட்டுத்தான் தூங்கினான். காலையில இண்டர்வியூ ஆரம்பிச்சு, "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" வரைக்கும் நல்லாத்தான் போச்சு. நாலாவது நிமிஷத்துல எதிர்ப்பக்கம் இருந்தவர் "யுவர் வாய்ஸ் இஸ் வெரி லோ" என்றார். இவன் கொஞ்சம் சத்தமாகப் பேசினான். திரும்பவும் அதே புகார். இவன் கத்த ஆரம்பிச்சான். கத்தக் கத்த, அங்கே கேட்கிற சத்தம் இன்னும் குறைஞ்சுது. டெட்லாக் பத்திக் கேட்ட கேள்விக்கு அவன் சொன்னது சரியான பதில். வராண்டாவில் நின்ன எனக்கே முழுசாகக் கேட்டுச்சு. போய்ச் சேர வேண்டியவருக்கு மட்டும் சேரலை.

கால் முடிஞ்சதும் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தோம். 100-ல வச்ச ஸ்லைடர் 18-ல நின்னுட்டிருந்தது.

"டேய், நீ தொட்டியா?"

"நான் ஏன்டா தொடப் போறேன்?"

வைரஸ்னு ஒருத்தன் சொன்னான். மைக் போயிடுச்சு, சர்வீஸ் சென்டர் போன்னு இன்னொருத்தன். டிரைவரை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போடுன்னு மூணாவது ஆள். மூணுமே இல்லை. உங்க லேப்டாப்லயும் மைக் வால்யூம் தானா கீழே இறங்கினா, முதல்ல மனசுல வச்சுக்க வேண்டியது: மைக் ஸ்லைடர் ஒண்ணுதான், ஆனா அதைப் பிடிச்சு இழுக்கிற உரிமை பல பேருக்கு இருக்கு. விண்டோஸுக்கு, மீட்டிங் ஆப்புக்கு, பிரவுசருக்கு, சில லேப்டாப்பில் கம்பெனிக்காரர் போட்டு அனுப்பிய ஆடியோ ஆப்புக்கு. எந்தக் கை இழுக்குதுன்னு கண்டுபிடிச்சுட்டா வேலை பாதி முடிஞ்சுது. அதைக் கண்டுபிடிக்காம எல்லா செட்டிங்கையும் மாத்திக்கிட்டே இருந்தா, நாங்க செஞ்ச மாதிரி ரெண்டு நாள் வீணாகும்.

அந்தக் கதையிலேயே துப்பு இருக்கு, கவனிச்சீங்களா? அவன் கத்தக் கத்த வால்யூம் குறைஞ்சுது. கெட்டுப்போன மைக் அப்படிச் செய்யாது. யாரோ சத்தத்தை அளந்து பார்த்து, "இது ரொம்ப ஜாஸ்தி"ன்னு முடிவெடுத்து, கெயினைக் குறைச்சிருக்காங்க. அந்த "யாரோ"வுக்குப் பேர் ஆட்டோமேட்டிக் கெயின் கண்ட்ரோல், சுருக்கமா ஏஜிசி.

ஈசிஇ மக்களுக்கு இந்தப் பேர் புதுசில்லை, ஏஎம் ரிசீவர் பாடத்தில் வந்திருக்கும். ஆரம்பகால ரேடியோவில் பக்கத்து ஸ்டேஷன் காதைக் கிழிக்கும், தூரத்து ஸ்டேஷன் முனகும். ராத்திரியில் அயனோஸ்பியர் மாறமாற ஒரே ஸ்டேஷனே ஏறி இறங்கும். கேட்கிறவர் ஒரு கையை வால்யூம் குமிழ் மேலேயே வச்சிருக்கணும். 1925-ல் ஹெரால்ட் வீலர் என்ற அமெரிக்க இன்ஜினியர் இதுக்கு ஒரு வழி கண்டார். டிடெக்டரிலிருந்து வரும் டிசி வோல்டேஜ் சிக்னலின் பலத்துக்கு ஏத்த மாதிரி கூடும், குறையும். அதையே எடுத்து முன்னாடி இருக்கிற ஆம்ப்ளிஃபயர் வால்வுகளுக்குத் திருப்பிக் கொடுத்தார். சிக்னல் பலமானால் கெயின் குறையும், பலவீனமானால் கூடும். நெகட்டிவ் ஃபீட்பேக், அவ்வளவுதான். நூறு வருஷத்துக்கு முந்தைய அந்த ஐடியாதான் இன்னைக்கு உங்க லேப்டாப்பில் சாஃப்ட்வேரா ஓடுது.

பிரவுசரில் நடக்கிற பெரும்பாலான வீடியோ கால்களுக்கு அடியில் இருப்பது வெப்ஆர்டிசி. கூகுள் 2010-ல் குளோபல் ஐபி சொல்யூஷன்ஸ் என்ற கம்பெனியை வாங்கி, அதன் குரல் டெக்னாலஜியை வச்சு 2011-ல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது. எக்கோவை நீக்குவது, இரைச்சலைக் குறைப்பது, ஏஜிசி, மூணும் அதுக்குள்ளேயே இருக்கு. அந்த ஏஜிசி மைக் லெவலை 0 முதல் 255 வரை ஒரு அளவாக எடுத்துக்கும். உள்ளே வரும் அலை உச்சி வெட்டுப்பட்டு, அதாவது கிளிப் ஆகி வந்தால், லெவலைச் சட்டுனு ஒரு படி இறக்கும். திரும்ப ஏத்துவது நிதானமாக, பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான். இறங்குறது வேகம், ஏறுறது மெதுவு. காரணம் நியாயமானதுதான்: கிளிப் ஆன குரலைப் பிறகு யாராலும் சரி பண்ண முடியாது, சின்னதா வந்த குரலை டிஜிட்டலாப் பெருக்கிக்கலாம். ஆனா உங்க ரூம்ல அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் கதவு "தடால்"னு சாத்துது, நீங்களும் இடையில கத்துறீங்கன்னா, ஸ்லைடர் படிப்படியா இறங்கிக்கிட்டே இருக்கும். ஏற நேரமே கிடைக்காது.

இப்போ கண்டுபிடிக்கிற வேலைக்கு வருவோம். ஒரே ஒரு விண்டோ திறந்து வச்சா போதும். விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்துங்க. வரும் பெட்டியில் எம், எம், எஸ், ஒய், எஸ், புள்ளி, சி, பி, எல் என்று எழுத்து எழுத்தா டைப் பண்ணி என்டர் கொடுங்க. பழைய சவுண்ட் பேனல் வரும். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் போய், அடியில் "மோர் சவுண்ட் செட்டிங்ஸ்" அழுத்தினாலும் இதே பேனல்தான். "ரெக்கார்டிங்" டேபில் பச்சை டிக் போட்ட மைக்கை டபுள் கிளிக் பண்ணி "லெவல்ஸ்" டேபுக்குப் போங்க. ஸ்லைடரை 80-ல வையுங்க. அந்த விண்டோவை மூடாதீங்க, ஓரமா நகர்த்தி வையுங்க.

முதல்ல எந்த ஆப்பும் திறக்காம ரெண்டு நிமிஷம் சத்தமாப் பேசுங்க. ஸ்லைடர் நகர்ந்தால் கை விண்டோஸ் பக்கமோ, லேப்டாப்போட சொந்த ஆடியோ ஆப் பக்கமோ. நகரலைன்னா மீட்டிங் ஆப்பைத் திறந்து, நண்பன் ஒருத்தனைக் கூப்பிட்டு, அதே மாதிரி பேசுங்க. பிறகு பிரவுசரில் ஒரு கால். எதைத் திறந்தப்போ ஸ்லைடர் அசையுதோ, அதுதான் ஆள். எங்க ரூம்ல மூணாவது முயற்சியில பிடிபட்டது பிரவுசர். யாரும் மவுஸைத் தொடாம ஸ்லைடர் 80, 74, 68-னு தானா இறங்கினதைப் பார்க்க கொஞ்சம் பேய்ப்படம் மாதிரிதான் இருந்துச்சு.

இன்னொரு ரகமும் உண்டு. ஸ்லைடர் 80-லயே நிக்குது, ஆனா எதிர்ப்பக்கம் சத்தம் தேயுது. இது வேற வியாதி. சிஸ்டம் வால்யூமை யாரும் தொடலை. ஆப்புக்குள்ளே டிஜிட்டலா உங்க குரலைக் குறைக்குது, இல்லைன்னா நாய்ஸ் சப்ரஷன் உங்க குரலையே இரைச்சல்னு நினைச்சு வெட்டுது. மெதுவாப் பேசுறவங்களுக்கும், வாக்கியத்தின் கடைசி வார்த்தையை முழுங்குறவங்களுக்கும் இது அடிக்கடி நடக்கும். இதுக்கு விண்டோஸ் பேனலில் மருந்து கிடையாது, ஆப்புக்குள்ளேதான் தேடணும். இந்த ரெண்டையும் குழப்பிக்கிறதாலதான் "எல்லாம் பண்ணிட்டேன், சரியாகலை"ன்னு நிறைய பேர் சொல்றாங்க.

ஆப்புகளில் பெரும்பாலும் ஒரு டிக் பாக்ஸ்தான். ஜூமில் செட்டிங்ஸ், ஆடியோ, அங்கே "ஆட்டோமேட்டிக்கலி அட்ஜஸ்ட் மைக்ரோஃபோன் வால்யூம்". டிக்கை எடுங்க, பக்கத்துல ஸ்லைடர் உங்க கைக்கு வரும். டீம்ஸில் செட்டிங்ஸ், டிவைசஸ், "ஆட்டோமேட்டிக்கலி அட்ஜஸ்ட் மைக் சென்சிட்டிவிட்டி". டிஸ்கார்டில் "வாய்ஸ் அண்ட் வீடியோ" பக்கத்தில் "ஆட்டோமேட்டிக் கெயின் கண்ட்ரோல்". டிஸ்கார்டிலேயே "இன்புட் சென்சிட்டிவிட்டி"னு இன்னொண்ணு இருக்கும், அது எவ்வளவு சத்தம் வந்தால் மைக் திறக்கணும்ங்கிற வாசல். கெயினுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. அதைப் போட்டு ஆட்டாதீங்க.

பிரவுசர்தான் சிக்கல். இண்டர்வியூவுக்குக் கம்பெனி அனுப்புற லிங்கைத் திறந்தா, அந்தப் பக்கத்துல பெரும்பாலும் இப்படி ஒரு டிக் பாக்ஸே இருக்காது. ஏஜிசி வேணுமா வேண்டாமாங்கிறதை அந்த வெப்சைட்டை எழுதின டெவலப்பர் முடிவு பண்ணியிருப்பார். மைக்கைக் கேட்கிற "கெட் யூசர் மீடியா" அழைப்பில் "ஆட்டோ கெயின் கண்ட்ரோல்"னு ஒரு ஆப்ஷன் உண்டு, அதை ஃபால்ஸ்னு கொடுத்தா அணையும். ஃபைனல் இயர் பிராஜெக்டுக்கு வீடியோ கால் ஆப் பண்றவங்க இதை ஞாபகம் வச்சுக்கோங்க. யூசருக்கு ஒரு சுவிட்ச் கொடுங்க, புண்ணியமாப் போகும். மத்தவங்களுக்கு குரோமில் ஒரு பின்வாசல் இருக்கு. அட்ரஸ் பாரில் குரோம், கோலன், ரெண்டு ஸ்லாஷ், ஃபிளாக்ஸ் என்று ஆங்கிலத்தில் அடிச்சு, தேடல் பெட்டியில் "இன்புட் வால்யூம்"னு தேடுங்க. "அலவ் வெப்ஆர்டிசி டு அட்ஜஸ்ட் தி இன்புட் வால்யூம்" கிடைச்சா "டிஸேபிள்ட்" ஆக்கி பிரவுசரை ரீலாஞ்ச் பண்ணுங்க. எங்க ரூம்ல இதுதான் வேலை செஞ்சுது. ஃபிளாக்ஸ் எல்லாம் சோதனைக்காக வைக்கிறது, வெர்ஷன் மாறும்போது பேரும் மாறலாம், காணாமலும் போகலாம். கிடைக்கலைன்னா அதே லிங்கை வேற பிரவுசரில் திறந்து ஸ்லைடரைப் பாருங்க. கம்பெனி "குரோம் மட்டும்"னு சொல்லியிருந்தா தவிர, ரெண்டாவது பிரவுசரைத் தயாரா வச்சிருக்கிறது தப்பில்லை.

விண்டோஸ் பக்கம் எல்லாரும் சொல்ற வைத்தியம் ரெண்டு. முதலாவது, "கம்யூனிகேஷன்ஸ்" டேபில் "டூ நத்திங்"னு மாத்துறது. இதை யார் கிளப்பிவிட்டாங்களோ தெரியாது, கேட்கிற இடமெல்லாம் இதையே சொல்றாங்க. அந்த டேபில் எழுதியிருக்கிறதை நிதானமாப் படிச்சாலே புரியும்: கால் வரும்போது மத்த சத்தங்களை 80 சதவீதம் குறைக்கணுமா, 50 சதவீதமா, முழுசா அணைக்கணுமாங்கிறது அது. உங்க பாட்டு கம்மியாகுதுன்னா அதை மாத்துங்க. மைக்குக்கும் அதுக்கும் தொடர்பில்லை.

ரெண்டாவது, மைக் பிராப்பர்ட்டீஸில் "அட்வான்ஸ்ட்" டேபுக்குப் போய் "அலவ் அப்ளிகேஷன்ஸ் டு டேக் எக்ஸ்க்ளூசிவ் கண்ட்ரோல்" டிக்கை எடுக்கிறது. இது சிலருக்கு வேலை செய்யும், சிலருக்குச் செய்யாது, அதுக்குக் காரணமும் இருக்கு. ஒரு ஆப் மைக்கைத் தனக்கே தனக்குன்னு பூட்டி வச்சுக்கிறதை இது தடுக்கும். அப்படிப் பூட்டுற ஆப்தான் உங்க வால்யூமைக் கெடுக்குதுன்னா குணமாகும். ஆனா விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸில் ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு பொதுவான வால்யூம் இண்டர்ஃபேஸ் இருக்கு. பகிர்ந்து பயன்படுத்துற ஆப்பும் அதைக் கூப்பிட்டு ஸ்லைடரை நகர்த்தலாம். சாதாரண ஆப்புகள் அதைத் தொடாம இருக்கிறது நல்லதுன்னு மைக்ரோசாஃப்ட் டாக்குமெண்டேஷனில் அறிவுரை உண்டு. அறிவுரைதான், பூட்டு இல்லை. அதனால டிக்கை எடுங்க, நஷ்டமில்லை. ஆனா எடுத்துட்டோம், முடிஞ்சுதுன்னு எழுந்து போயிடாதீங்க.

அங்கேயே "ஆடியோ என்ஹான்ஸ்மெண்ட்ஸ்" இருந்தா ஒரு தரம் "ஆஃப்" பண்ணிப் பாருங்க. லேப்டாப்போட வந்த ஆடியோ ஆப்பில் "நாய்ஸ் கேன்சலேஷன்" மாதிரி ஏதாவது ஓடினா அதையும். ரெண்டு பேர் ஒரே குரலைத் திருத்தினா, ஒருத்தர் வெட்டினதை இன்னொருத்தர் ஊதிப் பெருக்கி, கடைசியில கிணத்துக்குள்ளிருந்து பேசுற மாதிரி ஆகும்.

இவ்வளவும் சுவிட்ச் கதை. நான் முக்கியம்னு நினைக்கிறது இனிமேல் வர்றதுதான். ஏஜிசி சும்மா குறைக்காது. அதுக்குக் கிளிப்பிங் கேட்கணும். ஏன் கேட்குது?

லெவல்ஸ் டேபில் மைக் ஸ்லைடருக்குக் கீழே "மைக்ரோஃபோன் பூஸ்ட்"னு இன்னொரு ஸ்லைடர் பல லேப்டாப்பில் இருக்கும். 10, 20, 30 டெசிபல் படிகள். மைக் கேட்கலைன்னு புகார் வந்ததும் நாம செய்யுற முதல் காரியம் அதை 30-க்குத் தள்றது. 20 டெசிபல்னா வோல்டேஜில் 10 மடங்கு, 30 டெசிபல்னா ஏறக்குறைய 32 மடங்கு. 32 மடங்கு பெருக்கின மைக் முன்னாடி "ப்ராஜெக்ட்"னு ஒரு "ப்" சொன்னா போதும், உதட்டிலிருந்து கிளம்புற காத்து அடிச்சு அலை உச்சி வெட்டுப்படும். ஏஜிசி பதறி ஸ்லைடரை இறக்கும். நீங்க "கேட்கலையா?"ன்னு இன்னும் கத்துவீங்க. அது இன்னும் இறக்கும். ரூம்மேட்டுக்கு நடந்தது அட்சரம் பிசகாம இதுதான்; அவனோட பூஸ்ட் 30-ல இருந்தது. டெஸ்ட் பண்ணும்போது ராத்திரி, எல்லாரும் தூங்குறாங்கன்னு மெதுவாப் பேசியிருக்கான், அப்போ 30 சரியாத்தான் இருந்திருக்கும். காலையில இண்டர்வியூ குரல் வேற.

அடுத்த குற்றவாளி தலைக்கு மேலேயே சுத்துது. ஃபேன் காத்து நேரா மைக் மேல பட்டா, நம்ம காதுக்குப் பெரிசாத் தெரியாது, ஆனா மைக்குக்கு அது பெரிய பெரிய தாழ்ந்த அதிர்வெண் அலைகளா வந்து விழும். டேபிள் ஃபேனை லேப்டாப் பக்கம் திருப்பி வச்சிருந்தா கேட்கவே வேண்டாம். ஃபேனை நிறுத்திட்டு வேர்வையோட இண்டர்வியூ கொடுக்கச் சொல்லலை. லேப்டாப்பைக் காத்துக்கு நேர் இல்லாத இடத்துக்கு நகர்த்துங்க. கட்டில்ல மெத்தை மேல வச்சு, கீபோர்டைத் தட்டிக்கிட்டே பேசுறதும் இதே வகைதான். மைக் சின்ன துளையா கீபோர்டு பக்கத்துல இருக்கிற மாடல்ல ஒவ்வொரு தட்டும் இடி மாதிரி உள்ளே போகும்.

அதனால ஏஜிசியை அணைச்சதும் பூஸ்டை 0 அல்லது 10-க்கு இறக்குங்க. ஸ்லைடர் 70 போல வச்சு, ஆடாசிட்டியில் இருபது செகண்ட் ரெக்கார்டு பண்ணுங்க. பேச வேண்டியது "ஹலோ, மைக் டெஸ்ட்டிங், ஒன் டூ த்ரீ" இல்லை. அந்த மூணு வார்த்தையை யாரும் இயல்பான குரல்ல சொல்றதில்லை. உங்க மினி பிராஜெக்டை நிஜமா விளக்குங்க, நடுவுல ஒரு தரம் சிரிங்க. மீட்டரில் உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவே விழுந்தா பிரமாதம். 0-ஐத் தொட்டா பூஸ்டையோ ஸ்லைடரையோ குறைங்க. மைனஸ் 25-லயே கிடந்தா ஏத்துறதுக்கு முன்னாடி மைக்குக்கு அருகே வாங்க. தூரம் பாதியானா குரல் சுமார் 6 டெசிபல் கூடும், ரூம் இரைச்சல் அப்படியே இருக்கும். கெயினை ஏத்தினா ரெண்டும் சேர்ந்து ஏறும். இருநூறு ரூபாய் வயர் ஹெட்செட்டாவது வாங்கி வச்சுக்கோங்கன்னு நான் சொல்றதுக்கு இதுதான் காரணம்: மைக் வாய்க்குப் பக்கத்துல, எப்பவும் ஒரே தூரத்துல இருக்கும். ஏஜிசிக்கு அங்கே வேலையே இல்லை.

ஏஜிசியை அணைச்சா பொறுப்பு உங்க தலையில வருது, அதையும் சொல்லிடணும். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிச் சாய்ஞ்சு உக்கார்ந்தா குரல் குறையும், ஏத்திவிட ஆள் இல்லை. நாலு பேர் ஒரே லேப்டாப் முன்னாடி உக்கார்ந்து குரூப் ரிவ்யூ கொடுக்கும்போது ஏஜிசி இருக்கிறதுதான் நல்லது. ஒருத்தன் பக்கத்துல, ஒருத்தன் ஓரத்துல. தனியா இண்டர்வியூ, ரெக்கார்டிங், பாட்டு, புல்லாங்குழல் கிளாஸ், இதுக்கெல்லாம் அணைங்க. பாட்டுக்கு ஜூமில் "ஒரிஜினல் சவுண்ட்"னு தனி வழியே வச்சிருக்காங்க, ஏன்னா மெல்லிசா வாசிக்கிறதையும் அழுத்தி வாசிக்கிறதையும் ஏஜிசி ஒரே உயரத்துக்குத் தட்டையாக்கிடும்.

எதுவுமே கேட்கலைன்னா, சில பேர் நிர்கமாண்ட் மாதிரி ஒரு சின்ன டூலை டாஸ்க் ஷெட்யூலரில் கட்டி, சில செகண்டுக்கு ஒரு தரம் வால்யூமை 80-க்குத் திருப்பி வைக்கிறாங்க. வேலை செய்யும். எனக்குப் பிடிக்கலை. ஒரே வேரியபிளை ரெண்டு கண்ட்ரோலர் எதிரெதிரா இழுத்தா என்ன ஆகும்னு கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்குத் தெரியும். உங்க குரல் எதிர்ப்பக்கத்துக்குப் புயல்ல படகு மாதிரி ஏறி இறங்கிக் கேட்கும்.

லினக்ஸ் மக்களுக்கு வழி சுத்தமா இருக்கு. உபுண்டு 22.10-லிருந்து ஒலிக்கு பைப்வயர்தான் டீஃபால்ட். அதன் பல்ஸ் பகுதிக்கான கான்ஃபிக் ஃபைலில் ஆப் வாரியா விதி எழுதலாம். "பிளாக் சோர்ஸ் வால்யூம்"னு ஒரு குவிர்க் இருக்கு, மூணு வார்த்தைக்கும் நடுவே ஹைஃபன் போட்டு ஆங்கிலத்தில் எழுதணும். அதைப் பிரவுசர் பேருக்கு எதிரே போட்டுட்டா, அந்தப் பிரவுசர் எவ்வளவு கேட்டாலும் மைக் வால்யூமை மாத்த முடியாது. கேட்கிற கையையே கட்டிப்போடுறது. விண்டோஸிலும் இப்படி ஒரு வரி இருந்தா இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

ரூம்மேட்டுக்கு மூணு வாரம் கழிச்சு வேற ஒரு கம்பெனி வந்துச்சு. ஓரத்துல லெவல்ஸ் விண்டோ, பூஸ்ட் 10, ஸ்லைடர் 70, பக்கத்து ரூம்ல கடன் வாங்கின வயர் ஹெட்செட். நாற்பது நிமிஷமும் ஸ்லைடர் 70-லயே நின்னுச்சு. இந்தத் தடவை நார்மலைசேஷன்ல மாட்டிக்கிட்டான், அதுக்கு என்கிட்ட செட்டிங் இல்லை. உங்க லேப்டாப்ல எந்த மாடல்ல எந்த ஆப் பிடிபட்டுச்சுன்னு மேகசின் டீமுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த இதழுக்குள்ள பத்துப் பேராவது எழுதினா, மாடல் வாரியா ஒரு பட்டியல் போட்டுடலாம்.